ஏற்காட்டுப் பாப்பாவை ஐ.டபிள்யூ.எல். இரண்டாம் டிவிஷனுக்கு அனுப்பலாமா?

அண்ணா, வணக்கம். உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். நாகலூர் பக்கம் எஸ்டேட் வேலை, மகள் பிளஸ் டூ, வயது 17, பள்ளி ஃபுட்பால் டீமில் சென்டர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற ஆள். சேலத்தில் நடந்த ஒரு டோர்னமென்ட்டில் அவள் ஆட்டத்தைப் பார்த்த வெளிமாநில கிளப்காரர் ஒருவர், "ஐ.டபிள்யூ.எல். இரண்டாம் டிவிஷனுக்கு எங்கள் டீமில் ஆடட்டும்" என்று கேட்டிருக்கிறார். அது என்ன லீக், சம்பளம் வருமா, படிப்பு கெடுமா, நம்பி அனுப்பலாமா என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் சேலத்தில் பி.இ.டி. டீச்சர். இருபது வருஷத்துக்கு மேலாகப் பெண் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். அனுப்புங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் கூப்பிடுகிறவர் யார், என்ன பேப்பரில் கையெழுத்து, பாப்பா எத்தனை நிமிஷம் உள்ளே இறங்குவாள் என்ற மூன்றையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பிழைப்புக்கு வழி என்று நம்பி அனுப்ப வேண்டாம். அந்த லீக் இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை.

முதலில் லீக்கைப் பற்றி. நம் நாட்டில் பெண்களுக்குத் தேசிய கிளப் லீக் 2016-17 சீசனில்தான் ஆரம்பித்தது. இந்தியன் விமென்ஸ் லீக் என்று பெயர், சுருக்கமாக ஐ.டபிள்யூ.எல். முதல் கோப்பை மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியனுக்குப் போனது. 2019-ல் நம் மதுரை சேது எஃப்.சி. ஜெயித்தது. லூதியானாவில் நடந்த ஃபைனலில் மணிப்பூர் போலீஸ் டீமை 3-1 என்று சாய்த்தார்கள். மணிப்பூர்ப் பிள்ளைகளை ஃபைனலில் ஜெயிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஃபுட்பால்காரர்களுக்குத் தெரியும். அன்றைக்கு என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு கோகுலம் கேரளா அடுத்தடுத்து மூன்று கோப்பை, 2024-ல் ஒடிசா எஃப்.சி., 2025-ல் ஈஸ்ட் பெங்கால்.

ஆரம்ப வருஷங்களில் எல்லா டீமையும் ஓர் ஊருக்கு வரவழைத்து, சில வாரத்தில் ஃபைனல் வரை முடித்துவிடுவார்கள். 2023-24 சீசனில்தான் சொந்த ஊரில் ஓர் ஆட்டம், எதிரி ஊரில் ஓர் ஆட்டம் என்ற முறைக்கு மாறினார்கள். அந்த சீசனில்தான் இரண்டாம் டிவிஷனும் பிறந்தது. அதாவது உங்கள் பாப்பாவைக் கூப்பிடும் இந்த லீக் ரொம்பச் சின்ன வயசு லீக். மாநில லீக்கில் ஜெயித்து வரும் கிளப்புகளும், மேல் டிவிஷனிலிருந்து இறங்கிய கிளப்புகளும் இதில் ஆடும். முதல் இரண்டு இடம் பிடித்தால் மேலே போகலாம்.

நிஜமாகவே மேலே போக முடிகிறதா என்று கேட்டால், முடிகிறது. முதல் சீசனில் கொல்கத்தாவின் ஸ்ரீபூமியும் ஒடிசாவின் நிட்டா அகாடமியும் ஏறின. இரண்டுமே மேல் டிவிஷனில் முதல் வருஷம் தாக்குப்பிடித்துவிட்டன. அடுத்த சீசனில் டெல்லியின் கர்வால் யுனைடெட், கோவாவின் சேசா அகாடமி. இறங்குவதும் நடக்கிறது. 2024-ல் சாம்பியனாக நின்ற ஒடிசா எஃப்.சி. அடுத்த வருஷமே கீழே இறங்கியது. ஒரு லீக்கில் ஏற்றமும் இறக்கமும் கண்ணுக்குத் தெரிய நடந்தால்தான் சின்ன ஊர் கிளப் நடத்துகிறவனுக்கும் நம்பிக்கையோடு பணம் போடத் தோன்றும். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

இப்போது எனக்குப் பெரிய வருத்தம் உள்ள இடம். மேல் டிவிஷனில் 8 டீம் இருந்தால் ஒரு டீமுக்கு 14 ஆட்டம். இரண்டாம் டிவிஷனில் டீம்களைக் குழு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஓர் ஊரில் கூட்டி ஆடவைக்கிறார்கள். ஒரு குழுவில் 5 டீம் என்றால் ஆளுக்கு 4 ஆட்டம். குழுவில் மேலே வராத டீமுக்கு அத்தோடு சீசன் முடிந்தது. வருஷம் முழுக்கக் காலையில் எழுந்து ஓடிய பிள்ளை, 360 நிமிஷ ஆட்டத்துக்காக இரண்டு நாள் ரயிலில் போய், இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிடுகிறாள். அதுவும் பதினொரு பேரில் ஒருத்தியாக இருந்தால்தான் அந்த 360 நிமிஷம். பெஞ்சில் உட்கார்ந்தால் அதுவும் இல்லை. இந்த லீக்கை நீட்ட வேண்டும், குறைந்தது பத்து ஆட்டமாவது கிடைக்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அப்பாவாக இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

அந்த நாலு ஆட்டத்துக்கா அனுப்புவது என்று தோன்றும். அந்த நாலு ஆட்டத்தில் கிடைப்பது இங்கே நாற்பது ஆட்டம் ஆடினாலும் கிடைக்காது. மலைமேல் கிரவுண்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் சரிவு, பந்து காபிச் செடிக்குள் உருண்டால் ஆட்டம் நிற்கும், மூன்று மணிக்கு மேல் பனி இறங்கினால் எதிர்க் கோல் போஸ்ட்டே தெரியாது. சேலத்தில் இறங்கினால் காய்ந்த மண். பந்து குத்தி எழும்பி வரும், சென்டர் பேக்குக்கு அது வரும் உயரத்தைப் பார்த்துக் காலை வைக்க நேரம் கிடைக்கும். தேசிய அளவில் நிறைய ஆட்டம் செயற்கைப் புல்லில் நடக்கிறது. அங்கே பந்து எழும்பாது, தரையோடு வழுக்கி வரும். திரும்பி ஓடலாமா முன்னால் போய் வெட்டலாமா என்று யோசிக்கிற அரை விநாடி அங்கே கிடையாது. மணிப்பூரிலோ ஹரியானாவிலோ இருந்து வந்த ஒரு ஃபார்வர்டு ஒரே ஒரு தடவை அவளைத் தாண்டிப் போனால் போதும், நான் ஆறு மாதம் கத்திச் சொல்லியும் ஏறாத பாடம் அன்றைக்கு ஏறிவிடும். மேல் டிவிஷன் கிளப்புகளுக்கு ஆள் தேடுகிறவர்கள் பார்வையில் விழவும் இதைவிட நல்ல இடம் இப்போதைக்கு இல்லை.

இனி கையெழுத்து விஷயம். இதை நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் ஆடிய ஒரு பெண், அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, லெஃப்ட் விங். ஓடினால் கண் கூடப் போகாது, அப்படி ஒரு வேகம். சில வருஷத்துக்கு முன் ஒரு வெளிமாநில கிளப் கூப்பிட்டது. நாங்கள் எல்லோரும் சந்தோஷமாக வழியனுப்பினோம். கேம்ப்பில் நாற்பது நாள் இருந்தாள். மூன்றாவது ஆட்டத்தின் 80-வது நிமிஷத்தில் உள்ளே இறக்கினார்கள். மொத்தம் பத்து நிமிஷம், அவ்வளவுதான். திரும்பி வந்தபோது சேலம் ஜங்ஷனுக்கு நான்தான் கூட்டிவரப் போனேன். பையைத் திறந்து ஜெர்ஸியை எடுத்துக் காட்டினாள். முதுகில் நம்பர் மட்டும், பெயர் இல்லை. மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. "போட்டு ஆடுனது ஒரு தடவதான் டீச்சர், அதான் புதுசாவே இருக்கு" என்றாள்.

பெரிய அடி அதற்குப் பிறகு விழுந்தது. அடுத்த சீசனுக்கு இங்கே ஒரு டீமில் சேர்க்கப் போனால், அவள் பெயர் பழைய கிளப்பிலேயே பதிவாகி இருந்தது. அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் கணினிப் பதிவில், சி.ஆர்.எஸ். என்பார்கள், ஒரு ஆட்டக்காரர் எந்த கிளப்பில் இருக்கிறார் என்பது ஏறியிருக்கும். ஒப்பந்தம் இருக்கும்போது பழைய கிளப் விடுவித்தால்தான் புது கிளப் எடுக்கலாம். அந்த கிளப்காரருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால் நீலக் கோடு விழும், பதில் வராது. அந்த சீசன் முழுக்கப் போயிற்று. என்ன பேப்பரில் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை. இங்கிலீஷில் நாலைந்து பக்கம், கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து வாங்கினார்களாம், காப்பி கொடுக்கவில்லையாம். அனுப்பும்போது நானாவது கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

அதனால் சொல்கிறேன். உங்கள் பாப்பாவுக்கு 18 ஆகவில்லை, உங்கள் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்கக் கூடாது. எவ்வளவு காலத்துக்கு ஒப்பந்தம் என்று முதலில் பாருங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மூன்று வருஷத்துக்கு மேல் தொழில்முறை ஒப்பந்தம் போடக் கூடாது என்பது ஃபிஃபா விதி. ஆனால் மூன்று வருஷமும் உங்களுக்குத் தேவையில்லை. ஒரே ஒரு சீசனுக்குப் போடச் சொல்லுங்கள். சீசன் முடிந்ததும் விடுவிப்புக் கடிதம் தருவோம் என்று அதிலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போட்ட அந்த நிமிஷமே எல்லாப் பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்துவிடுங்கள். இங்கிலீஷ் புரியவில்லை என்று கூச்சப்பட வேண்டாம். பள்ளியில் டீச்சரிடம் கொடுத்துப் படித்துக் கேட்டுவிட்டு நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லுங்கள். ஒரு நாள் பொறுக்காத கிளப்புக்குப் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழின் ஒரிஜினலையும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், நகல் போதும்.

சம்பளத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மேல் டிவிஷன் கிளப்புகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது வருஷத்துக்கு 3.2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-ல் கூட்டமைப்பு சொன்னது. அந்தக் காவல் இரண்டாம் டிவிஷனுக்கு இல்லை. போக்குவரத்து, சாப்பாடு, தங்கும் இடம், கிட், அடிபட்டால் வைத்தியச் செலவு, இவ்வளவும் கிளப் பார்த்துக்கொண்டால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஏதாவது கொடுத்தால் நல்லது. ஆனால் உங்களிடமிருந்து பணம் கேட்டால், டெபாசிட், ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், எந்தப் பெயரில் கேட்டாலும், போனை வைத்துவிடுங்கள்.

படிப்பும் வேலையும். நம் ஊரில் ஃபுட்பாலால் குடும்பத்தை நிமிர்த்திய பெண்கள் பெரும்பாலும் அரசு வேலை வழியாகத்தான் நிமிர்த்தியிருக்கிறார்கள். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்காக ஆடிய காலத்திலேயே தமிழ்நாடு போலீஸில் சப் இன்ஸ்பெக்டராகவும் இருந்தார். தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அங்கே கேட்கிற சான்றிதழில் ஒரு நுணுக்கம் உண்டு. தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடினால் அதற்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, பள்ளித் தேசியப் போட்டிக்குப் படிவம் 4. கிளப்புக்கு ஆடுவது மாநிலத்துக்கு ஆடுவது ஆகாது. ஐ.டபிள்யூ.எல்.-2-ல் ஐந்து வருஷம் ஆடிவிட்டு, மாநில டீமுக்கு ஒரு தடவையும் போகாத பெண் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். அதனால் தமிழ்நாடு டீமுக்கு செலக்‌ஷன் நடக்கும்போது கிளப் கேம்ப் என்று சொல்லி அதைத் தவறவிட விடாதீர்கள். நம் மாநில டீமில் இடம் பிடிப்பது லேசு இல்லை. 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்து முதல் தடவையாகத் தேசியக் கோப்பை வாங்கினார்கள், 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் ஜெயித்து மறுபடியும் வாங்கினார்கள். லீக் அனுபவத்தோடு போகும் பிள்ளைக்கு அந்த செலக்‌ஷனில் பயம் தெளிந்திருக்கும்.

பிளஸ் டூ பரீட்சைத் தேதியோடு ஆட்டம் மோதினால் பரீட்சையை எழுதட்டும். இதில் இரண்டாவது பேச்சு வேண்டாம். பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் நல்ல காலேஜ் டீமில் சேர்ந்தால் மூன்று வருஷம் ஹாஸ்டல், சாப்பாடு, தினமும் பயிற்சி. கூடவே பல்கலைக்கழகப் போட்டியும். என்னைக் கேட்டால் 18-லிருந்து 21 வரை ஒரு பெண்ணுக்கு இதுதான் உறுதியான இடம். லீக் நடக்கும் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் காலேஜில் அனுமதி வாங்கிப் போய் வரலாம்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் "நம்பி அனுப்பலாமா" என்ற சொல்லுக்குள் அதுவும் இருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன். 2024 மார்ச்சில் இதே லீக்கின் முதல் சீசன் ஆட்டங்கள் கோவாவில் நடந்தபோது, ஒரு கிளப்பின் வீராங்கனைகள் இருவர், தங்கள் கிளப் நிர்வாகியே அறைக்குள் வந்து தாக்கியதாகப் புகார் கொடுத்தார்கள். அவர் தேசியக் கூட்டமைப்பின் செயற்குழுவிலும் இருந்தவர். கூட்டமைப்பு அவரை இடைநீக்கம் செய்தது, கோவா போலீஸ் கைது செய்தது. அந்த இரண்டு பெண்கள் வாயைத் திறந்ததால்தான் இவ்வளவும் நடந்தது. அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதையாக இருக்கிறது. நீங்கள் கிளப்காரரிடம் கேட்க வேண்டியது: டீமோடு எப்போதும் கூட இருக்கும் பெண் மேனேஜர் யார், அவர் போன் நம்பர் என்ன, ஒரு அறையில் எத்தனை பேர், பிள்ளைகளின் போனைப் பிடுங்கி வைப்பார்களா. ஏற்கெனவே அந்த கிளப்பில் ஆடிய இரண்டு பெண்களின் அம்மாக்களிடம் பாப்பாவின் அம்மா போனில் பேசட்டும். அம்மாவுக்கு அம்மா பேசினால் பத்து நிமிஷத்தில் உண்மை தெரிந்துவிடும். பாப்பாவிடமும், என்ன நடந்தாலும் வீட்டுக்குச் சொன்னால் திட்ட மாட்டோம் என்று வாய் திறந்து சொல்லி அனுப்புங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் திட்டு விழும் என்று பயந்தே பாதியை மறைத்துவிடுகிறார்கள்.

கடைசியாக உடம்பு. இதைக் கிளப்காரர் யாரும் சொல்ல மாட்டார்.

ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். குளிரில் ஓடிப் பழகிய பிள்ளையை இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கி, ரயிலேற்றி, புழுக்கமான ஊரில் மறுநாளே ஆடவிட்டால் இரண்டாவது பாதியில் கால் பிடித்துக்கொள்ளும், தலை சுற்றும். வெயிலுக்கு உடம்பு பழகப் பத்துப் பதினாலு நாள் ஆகும். போவதற்கு முன் இரண்டு வாரம் சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கவைத்து, மாலை நாலு மணி வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிடுங்கள். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் பாட்டிலில் எப்போதும் இருக்கட்டும்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நம் நாட்டில் 15-லிருந்து 49 வயது வரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. "சோம்பேறி, ஓட மாட்டேங்கிறா" என்று நானே திட்டிய ஒரு பிள்ளைக்கு டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் 8 இருந்தது. பள்ளியில் வாரம் ஒரு தடவை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வயிறு பிரட்டுகிறது என்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் அவ்வளவு தெரியாது. முருங்கைக்கீரையும் முட்டையும் அவள் தட்டில் தினமும் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் விட முட்டி. ஏ.சி.எல். என்று ஒரு ஜவ்வு முட்டிக்குள் இருக்கிறது. அது கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கிழிந்தால் ஆபரேஷன், பிறகு ஒன்பது மாதம், ஒரு வருஷம் என்று உட்கார வேண்டியதுதான். பெரும்பாலும் யாரும் இடித்து விழுந்து வருவதில்லை. ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ முட்டி உள்பக்கம் மடிந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். இதைத் தடுக்க 'ஃபிஃபா 11 பிளஸ்' என்று இருபது நிமிஷ வார்ம்-அப் இருக்கிறது. ஒரு காலில் நிற்பது, குதித்து முட்டி நேராக இறங்குவது, தொடையின் பின்பக்கத்துக்குப் பலம் ஏற்றுவது என்று வரிசையாக வரும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஒழுங்காகச் செய்தால் காயம் நன்றாகவே குறைகிறது. பாப்பா இதுவரை செய்ததில்லை என்றால் இன்றிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

ஷூவும் இதோடு சேர்ந்ததுதான். மண் தரைக்கும் ஈரப் புல்லுக்கும் வாங்கிய நீளமான ஸ்டட் (ஷூவின் அடியில் இருக்கும் குமிழ்), செயற்கைப் புல்லில் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, பாரம் முழுக்க முட்டியில் விழும். செயற்கைப் புல்லுக்குக் குட்டையான, எண்ணிக்கை அதிகமான ஸ்டட் உள்ள ஷூ வேண்டும். விலை கூடிய பிராண்டு வேண்டும் என்பதில்லை, அடிப்பாகம் சரியாக இருந்தால் போதும்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு எங்கள் பிள்ளைகளோடு காந்தி ஸ்டேடியத்தில் இருப்பேன். அடிவாரம் இறங்கி அஸ்தம்பட்டி வந்துவிட்டால் பக்கம்தான். பாப்பாவைக் கூட்டிவாருங்கள், அந்த 11 பிளஸ் முழுவதையும் அவளோடு நானே செய்து காட்டுகிறேன். கிளப்காரர் கொடுத்த பேப்பர் எதுவானாலும் எடுத்துவாருங்கள், அவள் போடும் ஷூவையும் மறக்க வேண்டாம்.